பாயிண்டு

பிடுங்கின குச்சிக்கிழங்குக்கு
இரண்டு நாள் ஆயுசு.
மூன்றாம் நாள் உள்ளே நீலக்கோடு ஓடும்.
இது எங்களைவிட
புரோக்கருக்கு நன்றாகத் தெரியும்.

ஆலை வாசலில் லாரி நிற்கும்.
உள்ளே ஒரு அறை, அறைக்குள் ஒரு மெசின்,
ஜன்னல் வழியாக வரும் துண்டுச்சீட்டு:
இருபத்திநாலு.
எதில் இருபத்திநாலு என்று
பதினோரு வருசம் நான் கேட்டதில்லை.
ஜாதகம் மாதிரி
பிறக்கும்போதே எழுதியது என்றிருந்தேன்.

கேட்டவள் மைமூன்.
அவளுக்குக் காடும் இல்லை, கிழங்கும் இல்லை,
மேட்டூர் ஜிலேபி மீனை
குப்பனூர்வரை வண்டியில் கொண்டுவருகிறவள்.
"நான் அம்பது கிராம் கொறச்சாலே
ஊரே கூடி நிக்கிறீங்க.
அங்க போயி
வாயத் தொறக்க மாட்டீங்களா?"

இப்படித்தான் செவ்வாய்க்கிழமை ஆரம்பமானது.
நூலக அறை, ஏழு மணிக்கு மேல்.
சாவி குழுவின் பொறுப்பு, கொசுவர்த்தி என் செலவு.
ஒன்பது பேர்.
வாத்தியார் என்று ஒருவரும் இல்லை.

புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை
டெய்லர் நாகரத்தினம் டேப்பில் காட்டினார்,
சென்டிமீட்டர் பக்கம்.
இருபது வருசமாக அவரே
திருப்பிப் பார்க்காத பக்கம்.

சதவீதம் எஸ்தர் சொன்னது.
சத்துணவுக்கூடத்தில் நூறு பிள்ளைகளுக்கு
எண்பத்தேழு முட்டை வந்து இறங்கிய நாள்.
கணக்கு உடனே புரிந்துவிட்டது,
பதிமூன்று முகம் தெரிந்ததால்.

ஏத்தாப்பூர்ப் பண்ணையில் கெஞ்சி வாங்கிய
அட்டவணை ஒரு தாள்.
பெயின்டர் கழுவிக் கொடுத்த நீல டிரம்.
மைமூனின் கொக்கித் தராசு,
அதில் இன்னும் செதில்.

காற்றில் எல்லாக் கிழங்கும் ஐந்து கிலோதான்.
தண்ணீருக்குள் இறக்கினால்
மாவு பிடித்தது முள்ளை இழுக்கும்,
வெறும் நீர் குடித்து ஊதியது
மிதக்கப் பார்க்கும்.

முதல் வாரம் முப்பத்திநாலு வந்தது.
குதித்தோம்.
மண்ணைக் கழுவவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.
சேற்றுக்கும் சேர்த்து விலை கேட்கப்போன ஊர் என்று
எஸ்தர் இப்போதும் சிரிக்கிறாள்.

கழுவினோம். இருபத்தெட்டு.
மறுபடி கழுவினோம். இருபத்தெட்டு.

கூலிக்குப் பிடுங்க வருகிற உண்ணாமலை
கதவோரம் நின்றபடியே சொன்னாள்:
"பிடுங்கிட்டு அளந்து என்ன பண்ண?
ஒத்தச் செடியப் பிடுங்கு.
மிச்சம் நிக்கட்டும்.
மண்ணுக்குள்ள இருக்கிற வரைக்கும்
கெழங்குக்கு என்ன அவசரம்?"

எங்கள் நோட்டில்
அன்றைக்கு அதைவிடப் பெரிய வரி இல்லை.

நாலு பேர் காடு, இருபது டன்.
காடு நின்றுகொண்டிருக்க
நாங்கள் போன் போட்டோம்.
இரண்டு ஆலை பாதியில் வைத்தது.
ஒரு ஆலை, யாரம்மா உனக்குச் சொன்னது என்றது.
நாலாவது, ஏற்றிக்கொண்டு வா என்றது.

அவர்கள் மெசினில் இருபத்தேழு.
ஒரு பாயிண்டு எங்கே போனது என்று
இன்னும் எங்களுக்குள் சண்டை.

பாயிண்டுக்கு இருநூற்று எண்பது,
மூன்று பாயிண்டு கூட,
என் பங்கு ஆறு டன்:
ஐயாயிரத்து நாற்பது ரூபாய்.
நாலாயிரம் வட்டிக்குப் போனது.
மீதியில் சிலிண்டர், பிறகு சில்லறை.
வறுமை போய்விட்டது என்று
யாரும் எழுதிவிட வேண்டாம்.
அது எங்கள் தெருவில்தான் இருக்கிறது,
அதன் எடை மட்டும் இப்போது தெரியும்.

அடுத்த செவ்வாய்
உண்ணாமலை முதல்தடவையாக
உள்ளே வந்து உட்கார்ந்தாள்.
"டன்னுக்கு என் கூலி
நாலு வருசமா அதேதான்.
அது எத்தனை பாயிண்டுன்னு
போட்டுச் சொல்லுங்க."

ஃபேன் சத்தம்.
நாகரத்தினம் டேப்பைச் சுற்றினார், பிரித்தார்,
மறுபடி சுற்றினார்.
வெளியே மலைப்பாதையில்
ஏற்காடு பஸ் வெளிச்சம் வளைந்து வளைந்து ஏறியது.

நோட்டு என் மடியில்தான் இருந்தது.
புதுப் பக்கம் திருப்பினேன்.